யோசுவாவின் நீண்ட பகலும் நாசாவின் 'காணாமற்போன நாளும்'

வாட்ஸ்அப்பில் அவ்வப்போது உயிர்த்தெழும் செய்தி ஒன்று உண்டு. நாசா விஞ்ஞானிகள் செயற்கைக்கோள்களின் பாதையைக் கணிப்பதற்காக, சூரியனும் சந்திரனும் கோள்களும் பழங்காலத்தில் எங்கெங்கே இருந்தன என்று கணினியில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்களாம். ஓரிடத்தில் கணினி சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிட்டதாம். கணக்கில் ஒரு நாள் குறைந்ததாம். அந்தக் குழுவில் ஒருவருக்கு, சூரியன் நின்றதாகச் சொல்லும் வேதாகமத்தின் யோசுவா 10-ஆம் அதிகாரம் ஞாயிறு பள்ளியில் படித்தது நினைவுக்கு வர, அங்கே 23 மணி 20 நிமிடம் கிடைத்ததாம். மிச்சமிருந்த 40 நிமிடத்தை எசேக்கியா ராஜாவின் காலத்தில் சூரிய கடிகாரத்தில் பின்வாங்கிய நிழல் தந்துவிட்டதாம். ஆக மொத்தம் 24 மணி நேரம்.

இதை நம்பிப் பிரசங்கிப்பவர்கள் இருக்கிறார்கள். இதைக் காட்டியே வேதாகமம் முழுவதையும் கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் செய்யாத வேலை ஒன்று உண்டு: யோசுவா 10-ஐத் திறந்து, அந்த வசனம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பது. அந்த வேலையில் இறங்கினால் ஏரணமும் (தர்க்கமும்) இயற்பியலும் எபிரெய மொழியும் கலிலேயோவும் ஒரே மேசையில் வந்து உட்காருகிறார்கள்.

கதை பிறந்த இடம்

நாசா தொடங்கப்பட்டது 1958-இல். '23 மணி 20 நிமிடம்' என்ற எண்ணோ அதற்கு அறுபத்தெட்டு ஆண்டுகள் மூத்தது. அமெரிக்க ராணுவ அதிகாரியும் யேல் பல்கலைக்கழகத்தில் போர்க்கலை கற்பித்தவருமான டாட்டன் 1890-இல் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது. அவர் செய்த முறை இது: இன்றிலிருந்து பின்னோக்கி யோசுவாவின் நாள்வரை எண்ணினார். பிறகு, படைப்பின் முதல் நாள் இன்ன தேதி என்று தாமே ஒன்றை வைத்துக்கொண்டு, அங்கிருந்து முன்னோக்கி எண்ணினார். இரண்டு எண்ணிக்கையும் கிழமையில் ஒரு நாள் இடித்தன. அந்த இடைவெளிக்கு யோசுவாவின் பெயரைச் சூட்டினார்.

1936-இல் ஹாரி ரிம்மர் என்ற பிரசங்கியார் தம் நூலில் இதை எடுத்துச் சொன்னார். 1960-களின் இறுதியில் பால்டிமோரைச் சேர்ந்த தொழில் நிறுவனத் தலைவர் ஒருவர் பேசிய கூட்டங்களில் கதைக்கு நாசாவும் கணினியும் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டன. அங்கிருந்து அது பத்திரிகைப் பத்திகளுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கும் பரவியது. விஞ்ஞானிகளின் பெயரோ, தேதியோ, ஆவணமோ எவராலும் காட்டப்படவில்லை. நாசாவின் கோடார்ட் மையம் இதை மறுத்திருக்கிறது. பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று வாதிடும் 'ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்' அமைப்புகூட, கிறிஸ்தவர்கள் பயன்படுத்தக் கூடாத வாதங்களில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது. அறிவியலோடு மோதத் தயங்காதவர்களே கைகழுவிய கதை இது.

கணக்கு ஏன் நடக்காது?

கதை பிறந்த இடம் சரியில்லை என்பதாலேயே கருத்து தவறாகிவிடாது. அப்படி முடிவு கட்டுவது தனி ஏரணப் பிழை. ஆகவே, நாசாவே உட்கார்ந்து இப்படி ஒரு கணக்கைப் போட்டிருந்தால் விடை கிடைத்திருக்குமா என்று பார்க்க வேண்டும்.

1. உங்கள் வங்கிக் கணக்கில் இன்று 5,000 ரூபாய் இருக்கிறது. இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வரவு பதிவாகாமல் போனதா என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. அன்றைய ரசீது ஒன்று உங்கள் கையில் தனியாக இருக்க வேண்டும். வானியல் கணக்கும் அப்படித்தான். இன்று அளந்த நிலைகளையும் ஈர்ப்பு விதிகளையும் கொண்டு கணினி பின்னோக்கி ஓடுகிறது. அது எத்தனை ஆயிரம் ஆண்டு ஓடினாலும் தன் கணக்கோடு தானே முரண்படாது. சிவப்பு விளக்கு எரிய வழியே இல்லை. யோசுவாவுக்கு முன்பு வாழ்ந்த ஒருவர், நாளும் நேரமும் ஐயமின்றித் தெரியும்படி எழுதி வைத்த வானக் குறிப்பு இருந்தால்தான் 'குறைகிறது' என்ற சொல்லுக்கே பொருள் உண்டு.

2. டாட்டன் தமக்கான ரசீதைத் தாமே எழுதிக்கொண்டார். படைப்பின் தேதியை ஊகித்து, அந்த ஊகத்திலிருந்து வந்த முரண்பாட்டை ஆதாரமாகக் காட்டுவது வட்டவாதம். நிரூபிக்க வேண்டியதை முதலிலேயே உள்ளே வைத்துவிட்டு, பிறகு வெளியே எடுத்துக் காட்டுவதற்கு அந்தப் பெயர்.

3. ஒரு நாள் உண்மையாகவே குறைந்திருந்தாலும், அது யோசுவாவின் நாள்தான் என்று எப்படித் தெரியும்? மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று சொல்லிவிட முடியாது; தண்ணீர் லாரி கசிந்திருக்கலாம்.

பூமியின் சுழற்சியில் 'காணாமற்போன நேரம்' ஒன்றை வானியலாளர்கள் உண்மையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது இதில் வேடிக்கை. பாபிலோனியர்கள் கி.மு. எட்டாம் நூற்றாண்டிலிருந்து கிரகணங்களைக் களிமண் பலகைகளில் நேரத்தோடு குறித்து வைத்தார்கள். பூமி என்றும் இன்றைய வேகத்திலேயே சுழன்றது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணித்தால், அந்தக் கிரகணங்களில் சில பாபிலோனில் தெரிந்திருக்கவே கூடாது. உலகின் வேறு பகுதியில்தான் தெரிந்திருக்க வேண்டும். கி.மு. 700 வாக்கில் இந்த வேறுபாடு ஏறக்குறைய ஆறு மணி நேரம். காரணம் பெரும்பாலும் கடல் ஓதங்களின் (கடல்மட்ட ஏற்ற இறக்கங்களின்) உராய்வு. நாளின் நீளம் நூற்றாண்டுக்கு இரண்டு மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவாகக் கூடிக்கொண்டே வருகிறது. பத்து லட்சம் நாட்களில் அது மணிக்கணக்காகச் சேர்ந்துவிடுகிறது. இங்கே ரசீது இருந்தது, ஆகவே கண்டுபிடிக்க முடிந்தது. யோசுவாவின் காலம் கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டு என்பாரும் பதின்மூன்றாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அந்தக் களிமண் பலகைகளின் தொடருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது அது.

பாகையா, படியா?

அந்த 40 நிமிடம் எங்கிருந்து வந்தது என்பது தமிழ் வாசகருக்குக் கூடுதல் சுவையான செய்தி. 2 இராஜாக்கள் 20:11-இல் எசேக்கியாவின் தந்தை ஆகாசின் சூரிய கடியாரத்தில் சாயை 'பத்துப்பாகை' பின்னிட்டுத் திரும்பியது என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்கிறது. வட்டத்துக்கு 360 பாகை, நாளுக்கு 24 மணி நேரம். எனவே பத்துப் பாகைக்கு 40 நிமிடம். பள்ளிக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மூலத்தில் உள்ள எபிரெயச் சொல் 'மாஅலோத்'. அதற்குப் பொருள் படிகள், ஏற்றங்கள். 120 முதல் 134 வரையுள்ள சங்கீதங்களின் தலைப்பில் 'ஆரோகண சங்கீதம்' என்று படிக்கிறோமே, அந்த 'ஆரோகண'மும் இதே சொல்தான். ஆகாஸ் கட்டியது படிக்கட்டாகவோ படிப்படியாகக் கோடிட்ட நிழற்கடிகாரமாகவோ இருக்கலாம். எத்தனை படிகள், ஒரு படியை நிழல் எவ்வளவு நேரத்தில் கடந்தது என்ற விவரம் எங்கும் இல்லை. ஆங்கிலத்திலும் பழைய மொழிபெயர்ப்பில் வடிவியல் அளவையாகவும் பொருள் கொள்ளத்தக்க சொல்லே இருந்ததால்தான் டாட்டனால் கணக்குப் போட முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வானத்தை அளந்திருக்கிறார்கள்.

2 நாளாகமம் 32:31 இதே நிகழ்ச்சியைப் பற்றி இன்னொரு செய்தி தருகிறது. 'தேசத்திலே நடந்த அற்புதத்தைக்' கேட்டறிய பாபிலோனின் பிரபுக்கள் தூதர்களை அனுப்பினார்கள். பூமி முழுவதும் பின்னோக்கிச் சுழன்றிருந்தால், வானத்தை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்த பாபிலோனியர்கள் எருசலேமுக்கு ஆள் அனுப்பி ஏன் விசாரிக்க வேண்டும்? அற்புதம் யூதா தேசத்தில் நடந்தது என்றே நூலாசிரியர் எண்ணுவதாகத் தெரிகிறது. அற்புதத்தை மறுக்காமலேயே, வசனத்தை வசனத்தோடு ஒப்பிட்டு எட்டக்கூடிய முடிவு இது.

வசனம் சொல்வது என்ன?

இனி யோசுவா 10. ஐந்து எமோரிய ராஜாக்கள் கிபியோனை முற்றுகையிடுகிறார்கள். யோசுவா கில்காலிலிருந்து இரா முழுவதும் நடந்து, யோர்தான் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்து, திடீரென்று தாக்குகிறார். எதிரிகள் பெத்தொரோன் இறக்கத்தில் ஓடும்போது வானத்திலிருந்து கல்மழை விழுகிறது; பட்டயத்தால் இறந்தவர்களைவிடக் கல்மழையால் இறந்தவர்கள் அதிகம். அங்கேதான் அந்த வார்த்தைகள் வருகின்றன: 'சூரியனே, நீ கிபியோன்மேலும், சந்திரனே, நீ ஆயலோன் பள்ளத்தாக்கிலும் தரித்துநில்லுங்கள்.'

பலரும் வேகமாகக் கடந்துபோகும் மூன்று விவரங்கள் இதில் உள்ளன.

1. இடம். கிபியோன் என்பது எருசலேமுக்கு வடமேற்கே உள்ள இன்றைய எல்-ஜிப். 1956 முதல் 1962 வரை ஜேம்ஸ் பிரிட்சர்ட் நடத்திய அகழாய்வில் அந்த ஊரின் பெயர் பொறித்த ஜாடிக் கைப்பிடிகளே கிடைத்தன. ஆயலோன் பள்ளத்தாக்கு அதற்கு மேற்கே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் பெத்தொரோன் இறக்கத்தில் நிற்பவருக்குச் சூரியன் கிபியோன்மேல் என்றால் கிழக்கில் இருக்கிறது; சந்திரன் ஆயலோனில் என்றால் மேற்கில் இருக்கிறது. அதாவது காலை நேரம், பௌர்ணமியை ஒட்டிய நாள். பகல் போதவில்லை என்று காலையிலேயே ஒருவர் ஏன் கேட்க வேண்டும்? ஓவியங்களில் சூரியன் மேற்கே சாய்ந்துகொண்டிருக்க யோசுவா கையை நீட்டுகிறார். வசனத்தின் வரைபடம் வேறாக இருக்கிறது. அடுத்த வசனத்தில் சூரியன் 'நடுவானத்தில்' நின்றது என்று வருவதையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

2. வினைச்சொல். சூரியனுக்குச் சொல்லப்பட்ட எபிரெயக் கட்டளை 'தோம்'. இந்த வினைக்கு அமைதியாக இரு, அசையாமல் நில், ஓய்ந்துவிடு என்று பல சாயல்கள் உண்டு. தன் குமாரர் இறந்தபோது ஆரோன் 'பேசாதிருந்தான்' என்னும் லேவியராகமம் 10:3-இலும், 'கர்த்தரை நோக்கி அமர்ந்து' என்னும் சங்கீதம் 37:7-இலும் இதே வினை. 1 சாமுவேல் 14:9-இலோ இதே சொல் நின்றுவிடுவதைக் குறிக்கிறது. சூரியன் 'அமைதியாவது' ஓடாமல் நிற்பதாகவும் இருக்கலாம், எரிக்காமல் மங்குவதாகவும் இருக்கலாம். இரா முழுவதும் நடந்து களைத்த படைக்குக் காலை வெயிலைவிட மேகமூட்டமே உதவி என்று வாதிடுவோர் உண்டு. கல்மழையும் அதற்கு ஒத்துப்போகிறது.

3. வகை. நூலாசிரியரே 'இது யாசேரின் புஸ்தகத்தில் எழுதியிருக்கவில்லையா' என்று தம் ஆதாரத்தைச் சொல்லிவிடுகிறார். அந்தப் புத்தகம் இன்று இல்லை. சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடிய புலம்பலும் அதில் இருந்தது என்று 2 சாமுவேல் 1:18-லிருந்து அறிகிறோம். ஆகவே அது பாட்டுத் தொகுப்பு என்று ஊகிக்க இடமுண்டு. சூரியனையும் சந்திரனையும் விளிக்கும் வரிகளும் எபிரெயத்தில் செய்யுளாகவே அமைந்திருக்கின்றன. தெபொராளின் வெற்றிப் பாட்டில் நட்சத்திரங்கள் எதிரிப் படைத்தலைவன் சிசெராவோடு போரிடுகின்றன. ஆபகூக் 3:11-இல் சூரியனும் சந்திரனும் தங்கள் மண்டலத்தில் நிற்கின்றன. எபிரெயப் போர்ப்பாட்டின் மரபு அது.

செய்யுள் என்றதும் 'அப்படியானால் எதுவும் நடக்கவில்லையா?' என்று பதறத் தேவையில்லை. தற்குறிப்பேற்ற அணியைப் படித்த தமிழருக்கு இது எளிது. மதுரை மதிலின் கொடிகள் கோவலனை 'வராதே' என்று கை காட்டித் தடுத்ததாக இளங்கோ சொல்கிறார். கொடிகள் இருந்தன, காற்றில் அசைந்தன. அசைவுக்குப் பொருள் ஏற்றியது கவிஞர். செய்யுள் நிகழ்ச்சியை மறுப்பதில்லை, அதைச் சொல்லும் முறை வேறு. ஆனால் இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. 13-ஆம் வசனத்தின் பின்பாதி, சூரியன் 'ஏறக்குறைய ஒருபகல் முழுதும்' அஸ்தமிக்கத் தீவிரிக்கவில்லை என்று உரைநடைபோல விவரிக்கிறது. 'எல்லாம் கவிதை' என்று ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாதபடி அந்த வரி குறுக்கே நிற்கிறது.

வேறொரு விளக்கத்தையும் ஜான் வால்டன் போன்ற பழைய ஏற்பாட்டு ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். மெசபொத்தாமிய நிமித்தக் குறிப்புகளில், மாத நடுவில் சூரியனும் சந்திரனும் எதிரெதிர்த் திசைகளில் தெரிவது நல்ல நிமித்தமா கெட்ட நிமித்தமா என்று பார்ப்பார்கள். அதைச் சொல்ல 'நிற்கிறது', 'காத்திருக்கிறது' போன்ற சொற்களே வரும். கிழக்கே சூரியன், மேற்கே சந்திரன் என்ற படத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. எதிரிகள் அஞ்சும் நிமித்தம் அவர்கள் கண்முன் நிற்கட்டும் என்பதே யோசுவாவின் வேண்டுதல் என்று இவர்கள் படிக்கிறார்கள். எனக்கு இது முழு நிறைவு தரவில்லை. அதே 13-ஆம் வசனத்தின் பின்பாதி இதற்கும் சங்கடமாகவே இருக்கிறது.

1613: அரண்மனையில் எழுந்த கேள்வி

இந்த ஒரு வசனம் ஐரோப்பிய அறிவியல் வரலாற்றையே அசைத்திருக்கிறது. 1613 டிசம்பரில் பைசா நகரில், மெதிச்சி அரண்மனையில் விருந்து முடிந்தபின், கோமகன் கோசிமோவின் தாய் கிறிஸ்டினா, கலிலேயோவின் மாணவரும் துறவியுமான கஸ்தெல்லியிடம் கேட்டார்: பூமிதான் சுழல்கிறது என்றால் யோசுவா சூரியனை ஏன் நிற்கச் சொன்னார்? கஸ்தெல்லி தம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். டிசம்பர் 21 அன்று கலிலேயோ பதில் எழுதினார். 1615-இல் அதை விரித்து கிறிஸ்டினாவுக்கே ஒரு நீண்ட கடிதமாக ஆக்கினார்.

அந்தக் கடிதத்தின் அடிப்படை வாதம் எளியது. இயற்கையும் வேதமும் ஒரே தேவனிடமிருந்து வருகின்றன, ஆகவே இரண்டு உண்மைகள் மோத முடியாது. மோதுவதுபோல் தெரிந்தால், இயற்கையை நாம் தவறாகப் படித்திருக்க வேண்டும், அல்லது வேதத்தைத் தவறாகப் படித்திருக்க வேண்டும். வேதம் மக்கள் கண்ணுக்குத் தெரிவதை மக்கள் மொழியிலேயே பேசுகிறது. இதைத் 'தோற்ற மொழி' எனலாம். இன்றும் நாளிதழ்கள் 'சூரிய உதயம் காலை 6.02' என்றுதான் அச்சிடுகின்றன. அதற்காக யாரும் பத்திரிகை ஆசிரியரிடம் வானியல் வாதம் செய்வதில்லை. இந்த வாதம் கலிலேயோ புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. வேதம் அறியாதவர்முன் கிறிஸ்தவர்கள் வானத்தைப் பற்றி உளறி வேதத்தையே கேலிக்கு உள்ளாக்குகிறார்கள் என்று திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வருந்தியிருந்தார். மோசே சாதாரண மக்களுக்குப் புரியும்படி எழுதினார், வானியல் கற்க விரும்புகிறவர் வேறிடம் செல்லட்டும் என்று சீர்திருத்தவாதி கால்வினும் தம் ஆதியாகம விளக்கவுரையில் எழுதியிருந்தார். லூத்தரன் சபையைச் சேர்ந்த வானியலாளர் கெப்ளர் 1609-இலேயே யோசுவாவின் வசனத்தை இதே முறையில் விளக்கிவிட்டார்.

கலிலேயோவின் கூர்மை அடுத்த அடியில் தெரிகிறது. பூமி அசையாது என்ற பழைய தாலமி முறையையே எடுத்துக்கொள்வோம் என்றார். அந்த முறையில் சூரியனுக்கு இரண்டு இயக்கங்கள். அதன் சொந்த இயக்கம் மேற்கிலிருந்து கிழக்காக, ஓராண்டில் ஒரு சுற்று. தினமும் கிழக்கே உதித்து மேற்கே மறைவது வான்கோளம் முழுவதின் சுழற்சி. சூரியனை அது இழுத்துச் செல்கிறது. அப்படியானால் சூரியனின் சொந்த இயக்கத்தை நிறுத்தினால் பகல் நீளாது, சில நிமிடங்கள் குறையும்! பகலை நீட்ட வேண்டுமானால் சூரியனை விட்டுவிட்டு வான்கோளத்தை நிறுத்த வேண்டும். ஆக, வசனத்தை எழுத்துக்கு எழுத்து படிப்பதாகச் சொன்னவர்களின் வானியலுக்கே வசனம் எழுத்துப்படி பொருந்தவில்லை. தங்கள் அறிவியலுக்கு ஏற்ப அவர்களும் வசனத்தை விளக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். விளக்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இத்தோடு கலிலேயோ நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சூரியப் புள்ளிகள் நகர்வதைக் கொண்டு, சூரியன் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது என்று அவர் காட்டியிருந்தார். அந்தச் சுழற்சியே கோள்களையும் இயக்குகிறது என்று ஊகித்து, சூரியனின் சுழற்சி நின்றால் எல்லாமே நிற்கும், ஆகவே 'சூரியனே நில்' என்ற கட்டளை என் வானியலுக்கு எழுத்துப்படியே பொருந்துகிறது என்றார். அந்த ஊகம் தவறு. சூரியனின் சுழற்சி பூமியைச் சுற்ற வைப்பதில்லை. வேதத்தில் வானியல் தேடாதீர்கள் என்று எழுதிய அதே பேனா, இரண்டு பக்கம் தள்ளித் தன் வானியலை அங்கே கண்டெடுத்துவிட்டது. நாசா கதையைப் பரப்புகிறவர்களை ஏளனம் செய்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

மறுபக்கத்தில் கர்தினால் பெல்லார்மின் இருந்தார். 1615 ஏப்ரல் 12 அன்று, பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸை ஆதரித்து எழுதிய ஃபோஸ்கரினி என்ற துறவிக்கு அவர் எழுதிய கடிதம் கவனமாகப் படிக்கத் தக்கது. பூமி சுற்றுகிறது என்பதற்கு உண்மையான நிரூபணம் இருந்தால், அதற்கு மாறாகத் தோன்றும் வேதப் பகுதிகளை மிகுந்த எச்சரிக்கையோடு விளக்க வேண்டும்; நிரூபணமானதைப் பொய் என்பதைவிட வேதப்பகுதி நமக்குப் புரியவில்லை என்று சொல்வதே மேல் என்று எழுதினார். ஆனால் அப்படி நிரூபணம் இருப்பதாகத் தாம் நம்பவில்லை என்றும் எழுதினார். அன்றைய நிலையில் அது நியாயமான ஐயமே. கலிலேயோ பெரிதும் நம்பிய கடல் ஓத வாதம் தவறானது. பூமி நகர்வதற்கான நேரடி அளவீட்டுச் சான்று 1729-இல் வானியலாளர் பிராட்லியிடமிருந்து வந்தது. பூமி நகர்வதால் நட்சத்திரம் சற்றே இடம் மாறித் தெரியும் 'இடமாறு தோற்றத்தை' வானியலாளர் பெஸ்ஸல் அளந்தது 1838-இல்.

பெல்லார்மினின் பிழை வேறிடத்தில் இருக்கிறது. பூமி அசைகிறதா என்பது பொருளளவில் விசுவாசத்துக்குரிய காரியமாக இல்லாவிட்டாலும், சொன்னவர் பரிசுத்த ஆவியானவர் என்பதால் அது விசுவாசத்துக்குரியதே என்றார். ஆபிரகாமுக்கு இரண்டு குமாரர், யாக்கோபுக்குப் பன்னிருவர் என்பதை மறுப்பவன் எப்படித் தவறுகிறானோ அப்படியே இதிலும் தவறுகிறான் என்று அவர் வாதிட்டார். யாக்கோபுக்குப் பன்னிரண்டு குமாரர் என்பது வசனம் சொல்ல வந்த செய்தி. சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்பது, வசனம் வேறொன்றைச் சொல்லும்போது பயன்படுத்திய சொற்களிலிருந்து வாசகர் பிழிந்தெடுத்தது. 'வசனம் சொல்கிறது' என்பதற்கும் 'வசனத்திலிருந்து நான் புரிந்துகொண்டேன்' என்பதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை அழித்த இடத்தில்தான் பூமி சுற்றுகிறது என்ற கருத்துக்கு எதிரான 1616-இன் தடை ஆணை பிறந்தது. கோப்பர்நிக்கஸின் நூல் தடைப் பட்டியலிலிருந்து முற்றிலும் நீங்கியது 1835-இல்.

2017: கிரகண விளக்கம்

இப்போது இன்னொரு செய்தியும் சுற்றுகிறது: யோசுவாவின் நாளில் நடந்தது சூரிய கிரகணம், தேதிகூடத் தெரிந்துவிட்டது என்று. இது நாசா கதைபோல வெறும் புரளி அல்ல. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த காலின் ஹம்ஃப்ரீஸும் வானியற்பியலாளர் கிரேம் வாடிங்டனும் 2017-இல் ஒரு வானியல் இதழில் வெளியிட்ட கட்டுரை அது. 'தோம்' என்பதை ஒளி ஓய்வதாகக் கொண்டு, கி.மு. 1207 அக்டோபர் 30 அன்று கானானில் தெரிந்த வளையக் கிரகணத்தோடு அவர்கள் அதைப் பொருத்தினார்கள். இஸ்ரவேல் என்ற பெயரைக் குறிப்பிடும் மிகப் பழைய எகிப்தியக் கல்வெட்டான மெர்னெப்தாவின் கல்வெட்டோடு காலமும் ஏறத்தாழ ஒத்துவருகிறது.

கிரகணம் நடந்தது என்பது திடமான கணக்கு. யோசுவா 10 அதைத்தான் சொல்கிறது என்பது தனி வாதம். முதலாவதன் உறுதி இரண்டாவதற்கு இரவலாக வந்துவிடாது. சூரிய கிரகணத்தின்போது சூரியனும் சந்திரனும் வானத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வசனத்திலோ ஒன்று கிபியோன்மேல், மற்றது ஆயலோனில். அந்தக் கிரகணம் மாலையில், சூரியன் மேற்கே தாழ்ந்திருந்தபோது நடந்தது. வசனம் 'நடுவானத்தில்' என்கிறது. கிரகணம் 'ஏறக்குறைய ஒருபகல் முழுதும்' நீடிப்பதுமில்லை. சுவையான முன்மொழிவு என்பதற்கு மேல் இதற்கு இப்போது மதிப்பெண் தர முடியாது.

பூமி நின்றிருந்தால்?

'பூமி நின்றால் எல்லோரும் தூக்கி எறியப்படுவார்களே' என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான கேள்வி. கிபியோன் இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ஒரு நொடியில் நின்றால் பேரழிவுதான். இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு சீராக நின்றால்? 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் பத்து விநாடியில் நிறுத்தத்தில் நிற்கும்போது நமக்கு ஏற்படும் தள்ளலில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மனிதர்கள் பறக்க மாட்டார்கள். கடல்தான் சும்மா இராது. அந்தச் சிறு தள்ளலே கடல்மட்டத்தை நூறு கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் என்ற அளவில் சாய்த்துவிடப் போதும்.

இதுவும் ஏரணப்படி மறுப்பாகாது. இயற்கை விதி சொல்வது, 'வேறெதுவும் குறுக்கிடாவிட்டால் இன்னது நடக்கும்' என்பதே. குறுக்கிட ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு விதியிடம் விடை இல்லை. பூமியை நிறுத்தக் கூடியவர் கடலையும் பிடித்துக்கொள்ளலாம் என்று விசுவாசி சொன்னால் அதில் முரண் இல்லை. விலை வேறு வகையில் கொடுக்க வேண்டியிருக்கிறது: கடலைப் பிடித்த அற்புதம், காற்றைப் பிடித்த அற்புதம், வெப்பத்தைத் தணித்த அற்புதம் என்று அடுக்க வேண்டும். அவற்றில் எதையும் யோசுவா 10 சொல்லவில்லை. வசனத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, வசனத்தில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகிறோம்.

பதினான்காம் வசனம்

அந்த நாளில் அப்படி என்ன புதுமை என்பதை நூலாசிரியர் வாசகரின் ஊகத்துக்கு விடவில்லை. அந்நாளையொத்த நாள் அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை என்று எழுதுகிறார். எதனால் என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுகிறார்: கர்த்தர் 'ஒரு மனிதனுடைய சொல்கேட்ட' நாள் என்பதால். சூரியன் எவ்வளவு நேரம் நின்றது, எப்படி நின்றது என்று அந்த வசனத்தில் ஒரு சொல்லும் இல்லை. எரிகோவில் மதிலைச் சுற்றும்படி கர்த்தர் கட்டளையிட்டார், யோசுவா கீழ்ப்படிந்தார். ஆயியிலும் ஈட்டியை நீட்டச் சொன்னவர் கர்த்தரே. கிபியோனில் மட்டும் மனிதன் பேசுகிறான், கர்த்தர் கேட்கிறார். எழுதியவர் வியந்து நின்றது இந்த இடத்தில்தான். மணிக்கணக்கு அவருடைய கவலையாக இருந்ததாகத் தெரியவில்லை.